முதல் கியர்

சஃபாரி என்பது என் பெயர்.
சொன்னதும் விருந்தினர்கள் சிரிப்பார்கள்,
வண்டியின் பெயரைச் சொல்கிறாள் என்று.
சுவாஹிலியில் அது வெறும் பயணம்.
வழியில் பிறந்த பிள்ளைக்கு இங்கே அப்படித்தான் வைப்பார்கள்.
என் வழி, மாங்கோலாவிலிருந்து கராட்டுவுக்கு
வெங்காயம் ஏற்றிப்போன லாரி.

பிப்ரவரி. இண்டுட்டுச் சமவெளி.
கணுக்கால் உயரப் புல், அதற்குமேல் எல்லாமே முதுகுகள்.
நீங்கள் வில்டபீஸ்ட் என்பீர்கள், நாங்கள் நியும்பு;
கோவேறு கழுதைக்கும் அதே பெயர்தான், யாரும் மாற்றவில்லை.
லட்சம் தவளைகளுக்குச் சளிபிடித்த மாதிரி ஒரு சத்தம்.
நடுநடுவே வரிக்குதிரைகள்.
நஞ்சுக்கொடிக்காக வரிசையில் நிற்காத கழுகுகள்.

ஒரு தாய் நடந்துகொண்டே பெற்றாள்.
லியோனிலிருந்து வந்த பல் மருத்துவர்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
முழங்கால் மடிந்தது, விழுந்தது, விழுந்தது,
ஏழாவது நிமிடம் நின்றது.
அவர் மனைவி ஒடீல் கைதட்டப் போய், நிறுத்திக்கொண்டாள்.

பிறகு யாரோ தரையைச் சுண்டியது போல
மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் தெறித்தது.
கழுதைப்புலி ஒன்றுதான்,
அதுவும் வேறெதையோ துரத்திப் போய்விட்டது.
புழுதி இறங்க நேரமானது.
இறங்கியபோது
குட்டியும் நாங்களும்.

அது எங்களைப் பார்த்தது.
பெரிதாக, பழுப்பாக, சூடாக இருந்தோம்.
வந்து முன்சக்கரத்தை முகர்ந்தது.
பம்பருக்குக் கீழே முட்டி முட்டி
மடி தேடியது.

தூக்கி உள்ளே போடலாமே, என்றாள் ஒடீல்.
கூடாது, என்றேன்.
எப்படிச் சொன்னேனோ, அவள் மறுபடி கேட்கவில்லை.
ரேடியோவில் ஹாண்டோ:
சதுப்பில் சிவிங்கி, மூன்று குட்டிகளோடு, சீக்கிரம் வா.
ஒலியைக் குறைத்தேன்.

முதல் கியர்.
ஆள் நடக்கும் வேகம்.
பக்கத்துக் கண்ணாடியில் அது,
எங்கள் நிழலுக்குள் கால்வைத்துக் கால்வைத்து.
சற்று முந்தினால் கத்தும். நிறுத்தினால் முட்டும்.
நான்கு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்.
வெப்பமுள் சிவப்பைத் தொட்டது.
பல் மருத்துவர் கேமராவை மடியில் வைத்துவிட்டு
தொப்பியால் எனக்கு விசிறினார்,
எஞ்சினுக்கு விசிறுவதாக நினைத்தாரோ என்னவோ.

கூட்டத்தை நெருங்கினோம்.
கூட்டம் விலகியது.
மறுபடி நெருங்கினோம், மறுபடி விலகியது.
அவர்களுக்கு நாங்கள் தாயில்லை, வண்டி.
இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் அடங்கியதும் குட்டி
என் கதவில் காதை வைத்தது போல நின்றது.
நாங்கள் மூச்சுவிடவில்லை.
அது காத்திருந்தது. மறுபடி முட்டியது.
அப்புறம்தான் தவளைச் சத்தம் அதற்குக் கேட்டது.

ஓடியது.
முதல் பசு கொம்பைத் தாழ்த்தினாள்.
இரண்டாவது முகர்ந்து, உதைத்தாள்.
மூன்றாவது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பிறகு முதுகுகள் மூடிக்கொண்டன.
தைனாகுலரை வாங்கி வாங்கிப் பார்த்தோம்.
எல்லாக் குட்டியும் ஒரே நிறம்.

இருட்டுவதற்குள் முகாமுக்குள் இருக்க வேண்டும். இருந்தோம்.
உணவு மேசையில் அன்று பார்த்தவற்றின் பட்டியல்:
சிங்கம் நான்கு, ஒட்டகச்சிவிங்கி பதினொன்று.
சிவிங்கி என்ற இடத்தில் பல் மருத்துவர் கோடு போட்டார்.
நியும்பு என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தார்.

வண்டி கழுவும்போது பம்பரின் அடியில்
விரலகலத்துக்கு எச்சில் காய்ந்திருந்தது.
கழுவினேன். கழுவாமல் எப்படி?

அம்மா சொல்வாள்:
அந்த லாரிக்கு ஸ்டார்ட்டர் கெட்டுப்போயிருந்ததாம்.
அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று
அவள் அலறி முடிக்கும்வரை
ஓட்டுநர் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தானாம்.
நான் அழவில்லையாம்.
கராட்டுவில் இறக்கி,
லாரி போன பிறகுதான் அழுதேனாம்.

நாளை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்.
ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.